அக்காவின் கப்பில் மட்டும் சீனி

எங்கள் கிளினிக்குக்கு ஆட்களுக்கு முன்னால் கொப்பிகள் வந்துவிடும். மன்னார்த் தீவுப் பக்கத்துக் கரையோர ஆஸ்பத்திரி ஒன்றின் பின் விறாந்தையில், மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மனநலக் கிளினிக் நடக்கிறது. விடிந்தும் விடியாததுமாய் யாராவது வந்து, ஆட்கள் இருக்கிற நீள வாங்கில், மருந்து எழுதும் தம் கிளினிக் கொப்பியை வைத்து, காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருபவர் அதற்குப் பக்கத்தில் தன்னுடையதை வைப்பார். நான் உயிலங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கும்போது வாங்கு நிறையக் கொப்பிகள் இருக்கும். ஆட்கள் வள்ளம் வந்துவிட்டதா என்று பார்க்கக் கரைக்குப் போயிருப்பார்கள். யாரும் யாருடைய கல்லையும் நகர்த்துவதில்லை.

சில கொப்பிகளின் சொந்தக்காரர் ஒருநாளும் வருவதில்லை. தாயோ தமையனோ மனைவியோ கொப்பியைக் கொண்டு வருவார்கள். "ஆள் எப்படி?" என்று நான் கேட்பேன். "சுகம் மிஸ்" என்பார்கள். நான் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுவேன். டொக்டர் கீழே மருந்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எப்போதாவது சொல்வோம், அதுவும் ஒப்புக்கு. பஸ்ஸில் கூட்டிவந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், அரைநாள் தொழில் போய்விடும், வெயிலில் ஆள் குழம்பினாலும் குழம்பும் என்று அவர்களுக்கு ஆயிரம் காரணம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதிதான். கொப்பி எதிர்த்துக் கதைக்காது.

என் வேலைக்கு வெளிக்கள உத்தியோகத்தர் என்று பெயர். டொக்டருக்கும் நோயாளருக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று சொன்னால் எளிதில் விளங்கும். டொக்டர்மார் பெரும்பாலும் தெற்கிலிருந்து வருவார்கள். தமிழ் பிடிபடத் தொடங்கும்போது மாற்றலாகிப் போய்விடுவார்கள். நான் போவதில்லை. அதனால் கொப்பிகளில் இருக்கிற கதையில் முக்கால்வாசி என் கதை, நான் கேட்டு, நான் மொழிபெயர்த்து, நான் எழுதியது. இந்த வேலையில் நான் கெட்டிக்காரி என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணை இங்கே அக்கா என்றே எழுதுகிறேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், நேரிலும் நான் அப்படித்தான் கூப்பிடுவது. கலியாணம் கட்டவில்லை. தம்பியோடும் தம்பியின் மனைவியோடும் இருந்தார். தம்பிக்குச் சொந்தமாக ஒரு படகு. அக்கா நண்டுச் சதை எடுக்கிற இடத்தில் வேலை செய்தவர். அவித்த நண்டை உடைத்து, கோது இல்லாமல் சதையை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். விரல் நுனியில் கண் இருக்க வேண்டிய வேலை. அந்த இடத்தில் அவரே விரைவானவர் என்று தம்பி பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

அவரை முதன்முதலாகக் கூட்டிவந்தது ஓட்டோவில், கைகளை வலைக்கயிற்றால் கட்டி. நாலைந்து நாள் நித்திரையில்லை. கடல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்றாராம். இரண்டு தட்டு நண்டை, அவித்த நண்டை, திரும்பவும் உயிர் வரட்டும் என்று கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாராம். விறாந்தையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு. அக்கா என்னைப் பார்த்து, "கயிறை அவிழ்க்கச் சொல்லுங்கோ, நான் ஓடமாட்டன்" என்றார். ஊசி போட்ட பிறகு அவிழ்க்கலாம் என்று நான் சொன்னேன். ஊசி போட்ட பிறகு தம்பி அவிழ்த்தார். இறுகிப்போன முடிச்சு, அவிழ்க்க நேரம் எடுத்தது.

மருந்து வேலை செய்தது. அதை மறைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. அடுத்த மூன்று மாதமும் அக்கா தானே பஸ் ஏறி வந்தார். தலைமுடி வாரி, குடை பிடித்து, மற்றவர்களோடு தன் கொப்பிக்கும் கல் வைத்து. மூன்றாம் மாதம் வந்தபோது கையை என் முன்னால் நீட்டினார். நீட்டிய கை நடுங்கியது.

"நண்டுச் சதைக்குள்ள கோது நிக்குதாம் மிஸ். திருப்பி அனுப்பீட்டினம். நாக்கும் தடிச்சுக் கிடக்கு. இந்தக் குளிசையைக் குறைக்கேலாதோ?"

அன்று கூட்டம். "கொஞ்ச நாளில சரிவரும் அக்கா, விடாமல் போடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கொப்பியை எடுத்தேன். கை நடுங்குகிறது என்று டொக்டரிடம் சொன்னேனா என்பது எனக்கு நினைவில்லை. கொப்பியில் அப்படி ஒரு வரியும் இல்லை.

நாலாம் மாதம் தம்பி மட்டும் வந்தார். அக்கா குளிசை போடமாட்டேன் என்கிறார், கெஞ்சிப் பார்த்தாயிற்று, ஏசியும் பார்த்தாயிற்று என்றார். பழையபடி கைமீறிப் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். மெலிந்த மனிதர், கிளினிக் மேசைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில் நான் வழக்கமாகச் சொல்கிற வழியைச் சொன்னேன்.

"தூளாக்கித் தேத்தண்ணியில கரைச்சுக் குடுங்கோ தம்பி. கசக்கும். ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டுவிட்டால் தெரியாது."

இதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் சொல்லக் கேட்டேன், நானும் சொன்னேன், அவ்வளவுதான். கறிக்கு உப்புப்புளி சொல்வதுபோலச் சொல்லிவிடுவேன். எத்தனை வீட்டுக்குச் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. தம்பியின் முகம் தெளிந்தது. கும்பிடாத குறையாகப் போனார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு வருடம் அக்காவின் கொப்பி மட்டும் வந்தது. சாப்பிடுகிறா, நித்திரை கொள்ளுகிறா, சத்தம் போடுவதில்லை என்று தம்பி சொல்வார். நான் அப்படியே எழுதினேன். நடுவில் ஒரு டொக்டர் போய் இன்னொருவர் வந்தார். அந்த இரண்டு வருடத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி சொன்னார், "இப்ப கொஞ்ச நாளா ஒரு கதை சொல்லுறா மிஸ். தன்ர தேத்தண்ணிக்குள்ள ஆரோ என்னவோ போடுகினமாம்."

இந்த இடத்தில் எனக்குள் ஏதாவது ஒரு மணி அடித்திருக்க வேண்டும் என்று வாசிப்பவர் நினைக்கலாம். அடிக்கவில்லை. அந்த வசனத்தை நான் எத்தனையோ நோயாளர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். காதில் விழுந்ததும் கை தானாக எழுதிவிட்டது. உணவில் ஏதோ கலக்கப்படுவதாகச் சந்தேகம், நோய் கூடுகிறது. டொக்டர் மருந்தைக் கூட்டினார். நான் மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கலக்கச் சொன்னதையே மறந்துவிட்டேன். மறைத்திருந்தால் மனம் ஒரு மூலையிலாவது உறுத்தியிருக்கும், எனக்கு அதுகூட இல்லை.

கூட்டிய மருந்தும் தேத்தண்ணிக்குள்தான் போயிருக்கிறது. அக்கா தேத்தண்ணியை விட்டார். சொதியில் கலந்தார்கள், சொதியை விட்டார். நான் எழுதினேன், டொக்டர் கூட்டினார். கடைசியில் அக்கா தன் கையால் தோல் உரிக்கக்கூடியதை மட்டும் சாப்பிட்டார். வாழைப்பழம், அவித்த முட்டை, பனங்கிழங்கு. ஒருநாள் கறிச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாராம். அதிலிருந்து அறையை வெளியால் பூட்டி வைத்திருப்பதாகத் தம்பி சொன்னார். அதற்கு நான் ஆங்கிலத்தில் எழுதிய வரியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். வீட்டில் பாதுகாப்பாக வைத்துப் பராமரிக்கப்படுகிறார் என்று இருந்தது. கையெழுத்து நல்ல வடிவாக இருந்தது.

போன வருடம் மூன்றாவது டொக்டர் வந்தார். இளம்பெண், சிங்களம்தான் பேசுவார், தமிழில் "வலிக்குதா", "சாப்பிட்டீங்களா" வரைக்கும் வந்திருந்தார். அவர் வந்த இரண்டாம் கிளினிக்கில் தம்பி கொப்பியோடு வந்து, இனி வீட்டில் வைத்திருக்க முடியாது, தெற்கில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கடிதம் தாருங்கள் என்று கேட்டார். அப்படி அனுப்பப்பட்ட சிலரை எனக்குத் தெரியும். தமிழ் கேட்காத வார்டில் இருப்பார்கள். முதல் மாதம் வீட்டுக்காரர் பார்க்கப் போவார்கள், பிறகு போக்குவரத்து நின்றுவிடும். சுகமான பிறகும் கூட்டிவர ஆளில்லாமல் அங்கேயே இருந்துவிட்ட ஒருவரின் கொப்பி எங்கள் அலுமாரியில் கிடக்கிறது. இருந்தும் நான் தம்பியின் கதையைச் சுத்தமாக மொழிபெயர்த்து, அனுப்புவதுதான் நல்லது என்று என் கருத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

டொக்டர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "கடைசியாக இவரை யார் பார்த்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் மூன்றாம் மாதத்துப் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

"ஆளைப் பார்க்காமல் எழுத மாட்டேன். நீங்கள் நாளைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இங்கே கூட்டி வரச் சொல்லுங்கள். அம்புலன்ஸை ஆயத்தமாக வைக்கிறேன். பார்த்துவிட்டு முடிவு எடுக்கலாம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நேற்று வந்தவர், நான் எழுதிய இரண்டு வருடத்து எழுத்தில் நம்பிக்கையில்லையா என்று. வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். அப்போது எனக்கு வந்தது கோபம்தான், வெட்கம் இல்லை. அது அடுத்த நாள் வந்தது.

புதன்கிழமை பத்து மணியளவில் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறை வீடு, வாசலில் மாதா படம், முற்றத்தில் வலை குவிந்திருந்தது. தம்பி கடலுக்குப் போய்விட்டார். தம்பியின் மனைவி கதிரையைத் துடைத்துப் போட்டார், குசினிக்குப் போய் வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். சின்னத் தட்டில் ஒரு துண்டு பனங்கட்டி. நான் பனங்கட்டியைக் கடித்துக் கடித்துக் குடித்தேன். தனக்கும் ஒரு கப் ஊற்றி, தானும் பனங்கட்டியைக் கடித்தார். கதவு திறந்திருந்ததால் குசினிக்குள் நடப்பது எனக்குத் தெரிந்தது. அவர் மூன்றாவதாக ஒரு கப் ஊற்றினார். மேல்தட்டிலிருந்து ஒரு பால்மா டின்னை இறக்கி, அதிலிருந்து இரண்டு கரண்டி சீனி போட்டார். பிறகு கடதாசியில் மடித்து வைத்திருந்த தூளைத் தட்டிக் கலக்கினார்.

நான் ஒன்றும் யோசிக்காமல்தான் கேட்டேன். "எல்லாருக்கும் பனங்கட்டி. அதுக்கு மட்டும் ஏன் சீனி?"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள். ரெண்டு கரண்டி சீனி போடச் சொல்லி. இந்த வீட்டில சீனி வாங்கிறதே மச்சாளுக்காகத்தான்."

எங்கள் வீட்டில் சிறுவயதிலிருந்து சீனி போட்ட தேத்தண்ணிதான். வயல்கார வீடு, வேலையாட்களுக்குக் கிடாரத்தில் ஊற்றும்போதே சீனியையும் கொட்டிக் கலக்கிவிடுவார்கள். இந்தக் கரையில் இந்த வீட்டுக்காரர் தேத்தண்ணியை எப்படிக் குடிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சீனியைக் கண்ணாலும் காணாத வீட்டில், ஒருவருடைய கப்பில் மட்டும் ஒருநாள் திடீரென்று சீனி வந்து விழுந்தால் அந்த ஒருவர் என்ன நினைப்பார்? அக்கா சரியானதைத்தான் நினைத்திருக்கிறார். அவர் சரியானதை நினைத்த ஒவ்வொரு முறையும் நாங்கள் மருந்தைக் கூட்டியிருக்கிறோம்.

தம்பியின் மனைவி அறையின் பூட்டைத் திறந்தார். அக்கா யன்னலடியில் பாயில் இருந்தார். பாதியாய் மெலிந்திருந்தார். கை நடுங்கியது. பசியிலா மருந்திலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யன்னல் விளிம்பிலிருந்து சுவர் நெடுகக் கீழே எறும்பு ஊர்ந்தது. கொண்டுபோய் வைக்கிற தேத்தண்ணி எங்கே போகிறது என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"ரெண்டு வருசமா வராத ஆள் இண்டைக்கு வந்திருக்கிறியள்" என்றார். "என்னை ஏத்தத்தான், என்ன?"

"உங்களைப் பாக்க வந்தனான் அக்கா."

"பாருங்கோ."

நான் பார்த்தேன். பிறகு, முன்பு கடல் கூப்பிட்டதுபோலச் சத்தங்கள் கேட்கிறதா என்று கேட்டேன்.

"கேக்குது. முந்தின மாதிரி இல்லை. சில நாள் கேக்குது, சில நாள் இல்லை. அதை ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. நான் சொல்லுறது ஒண்டுதான். இந்த வீட்டில ஆரும் சீனி போட்டுக் குடிக்கிறேல்லை. என்ர கப்பில மட்டும் சீனி. அடியில வெள்ளையா மண்டி. கேட்டால், அக்காவுக்கு வருத்தம் கூடீட்டுது எண்டு சொல்லுகினம். மாதா கோயில் சாமியாரிட்டயும் சொன்னனான். மருந்தை ஒழுங்காக் குடி பிள்ளை எண்டார். இப்ப எனக்கே ஐமிச்சம் மிஸ். உண்மையா எனக்குத்தான் பைத்தியம் முத்தீட்டுதோ?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. பின்னால் தம்பியின் மனைவி நின்றார், கையில் அந்தக் கப். நான், "வெள்ளிக்கிழமை டொக்டரிட்ட வாங்கோ அக்கா, அவவிட்ட இதைச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வாசலில் தம்பியின் மனைவியிடம் இனி ஒன்றிலும் ஒன்றும் கலக்க வேண்டாம், அறையையும் பூட்ட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்டதற்குப் பிறகு சொல்கிறேன் என்றேன். கோழை என்று என்னை யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

வியாழக்கிழமை முழுவதும் யோசித்தேன். யோசிக்க அதிகம் இருக்கவில்லை, அதுதான் தொல்லை. வெள்ளிக்கிழமை டொக்டர் பார்க்கப்போவது சாப்பாட்டை மறுத்து மெலிந்துபோன ஒரு பெண்ணை. அந்தப் பெண் தேத்தண்ணிக்குள் ஏதோ போடுகிறார்கள் என்பார். கொப்பியிலும் மாதக்கணக்காக அதுதான் எழுதியிருக்கிறது. கடிதம் எழுதுவதற்கு வேறென்ன வேண்டும்? தம்பியும் மனைவியும் தாங்களாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒளிப்பதற்கு அல்ல, ஆஸ்பத்திரி சொன்னதைத்தானே செய்கிறோம், டொக்டருக்கும் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில். அக்கா சொல்வது உண்மை என்று தெரிந்து, அதைச் சிங்களத்திலும் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. அவர் ஏறிப் போய்விடுவார். நான் வேலையை நினைத்தேன், விசாரணையை நினைத்தேன், இன்னும் பதினொரு வருடத்தில் வரப்போகிற ஓய்வூதியத்தையும் நினைத்தேன். இவ்வளவையும் நினைத்தேன் என்று எழுதிவைப்பதுதான் நியாயம்.

வெள்ளிக்கிழமை அம்புலன்ஸ் மாமர நிழலில் நின்றது. சாரதி கதவைத் திறந்துவைத்து உள்ளே குப்பை கூட்டிக்கொண்டிருந்தார். தம்பி அக்காவைக் கூட்டிவந்தார். கயிறு இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு சட்டை, துவாய், செபமாலை. அக்கா அந்தப் பையைத் தான் தூக்கமாட்டேன் என்று சொன்னதால் தம்பி தூக்கிக்கொண்டு வந்தார். டொக்டர் அக்காவைக் கதிரையில் இருக்கச் சொன்னார். தம்பியை வெளியில் நிற்கச் சொன்னதற்கு அக்காவே, "வேண்டாம், அவனும் கேக்கட்டும்" என்றார்.

டொக்டர் கேட்டார், நான் தமிழில் கேட்டேன், அக்கா சொன்னார், நான் சிங்களத்தில் சொன்னேன். நித்திரை, பசி, சத்தங்கள். ஏன் சாப்பிடுவதில்லை என்று டொக்டர் கேட்டபோது அக்கா சீனிக் கதையை முழுதாகச் சொன்னார். கப்பின் அடியில் வெள்ளை மண்டி, சொதியில் கசப்பு, எல்லாம். குரலை உயர்த்தவில்லை. நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டொக்டர் கவலையோடு தலையை ஆட்டிக்கொண்டு எழுதத் தொடங்கினார். அந்தத் தலையாட்டு எனக்கு நன்றாகத் தெரியும், நானும் எத்தனையோ முறை அப்படி ஆட்டியிருக்கிறேன்.

"டொக்டர், அது உண்மை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

பேனா நின்றது.

"அவர்கள் கலக்கிறார்கள். கலக்கச் சொன்னது நான். சீனி போடச் சொன்னதும் நான்தான். கொப்பியில் சந்தேகம் என்று இருக்கிறதே, அது சந்தேகம் இல்லை. அவர் கண்டதைச் சொல்லியிருக்கிறார்."

சிங்களத்தில் சொல்வது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. கற்றுக்கொண்ட மொழி, யாரோ ஒருத்தியின் பிழையைச் சொல்வதுபோல வந்துவிட்டது. டொக்டர் பேனாவை மூடி வைத்தார். ஏசவில்லை. "இதை அவரிடம் சொன்னீர்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லுங்கள். தமிழில்."

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அக்கா, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. உங்கட தேத்தண்ணியில குளிசையைக் கரைச்சுத் தந்தவை. தம்பியில பிழை இல்லை. நான்தான் அப்பிடிச் செய்யச் சொன்னனான். பிறகு நீங்கள் அதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல, அதை வருத்தம் எண்டு எழுதினதும் நான்தான்."

அக்கா அழவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. தம்பியைத்தான் பார்த்தார். "கேட்டியே?" என்றார்.

தம்பி பையை நிலத்தில் வைத்தார். "நல்லதுக்கெண்டுதான் அக்கா... மிஸ் சொல்லித்தான்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார்.

"நான் உன்னட்ட எத்தினை தரம் கேட்டனான்? மாதா படத்துக்கு முன்னால வைச்சுக் கேட்டனான். இல்லை எண்டனி."

அந்த மனிதர் அப்படியே குந்தி இருந்துவிட்டார். அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் விட்டதும் நான்தான் என்பதால் அவர் பக்கம் பார்க்க என்னால் முடியவில்லை.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. டொக்டர் எழுதிய தாளைக் கிழித்தார். அம்புலன்ஸ் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார். சத்தங்கள் இன்னும் இருப்பதால் மருந்து தேவை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் எடுப்பதும் விடுவதும் உங்கள் முடிவு, எப்படி எடுத்தால் உங்களுக்குச் சரி என்று அக்காவிடம் கேட்டார். இந்தக் கேள்வியை நான் தமிழில் கேட்டபோது எனக்கே அது புதிதாக இருந்தது. அக்கா யோசித்தார். கை நடுங்காத அளவுக்குக் குறைத்துத் தர வேண்டும் என்றார். தூளாக இல்லாமல் பிரிக்காத குளிசை மட்டையாக வேண்டும், தன் கையால் உடைத்துத் தானே போடுவார். கை நடுங்கினால் வந்து சொல்வார், அப்போது நாங்கள் கேட்க வேண்டும். அறைப் பூட்டின் திறப்பு தன்னிடம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். டொக்டர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார், அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னார்.

அக்கா கொப்பியை வாங்கிப் புரட்டினார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்க வராது. "இதில என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறியள்? வாசியுங்கோ" என்று என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொரு மாதமாகத் தமிழில் வாசித்தேன். பாதுகாப்பாக வைத்துப் பராமரிக்கப்படுகிறார் என்ற இடம் வந்தபோது, "அது எந்த மாசம்?" என்று கேட்டார். சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். "அது பூட்டின மாசம்" என்றார். நான் அடுத்த மாதத்தை வாசித்தேன்.

எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. கொடுத்தேன். ஒரு வருடச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அதைவிட மற்ற வீடுகள்தான் பெரிய வேலையாகிவிட்டன. கலக்கச் சொன்ன வீடுகளை நினைவிலிருந்து தேடித் தேடிப் போனேன். ஒரு தாய் என்னைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தி ஏசினார், நல்லாயிருக்கிற பிள்ளையைக் குழப்ப வந்தாயா என்று. இன்னொரு வீட்டில் உண்மை தெரிந்தபிறகு அந்த மனிதர் மருந்தை முற்றாக விட்டு, மூன்று மாதத்தில் மிக மோசமாகித் திரும்ப வந்தார். உண்மையைச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சில வீடுகள் எவை என்று எனக்கு இன்னும் நினைவு வரவில்லை. அந்த வீடுகளில் யாரோ இன்றைக்கும் கப்பின் அடியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா எழுந்து போகும்போது நான் பின்னால் போய் விறாந்தையில் மறித்தேன். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

அக்கா நின்று யோசித்தார். கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற மனுசி, மன்னித்தேன் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இப்ப ஏலாது மிஸ்" என்றார். "வாற மாசம் நானே வாறன். அப்பவும் கேளுங்கோ."

வந்தார். மாதா மாதம் வருகிறார். சில மாதம் சத்தங்கள் கூட, சில மாதம் குறைவு, அவர் சொல்ல நான் எழுதி, எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டுகிறேன். கிளினிக் முடிந்ததும் விறாந்தையில் நான் கேட்பேன். அவர் ஒவ்வொரு முறையும் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார். போன செவ்வாய்க்கிழமையும் கேட்டேன்.

"இன்னும் இல்லை மிஸ்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போனார்.